83, 92

அன்புள்ள அக்காவுக்கு,

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வுகளில் டாக்டர் சங்கரநாராயணனின் பங்கு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த வினிகர் பரிசோதனையை மனம் திறந்து பாராட்டியிருந்தீர்கள். அந்த ஆய்வின் சுருக்கத்தைத் தேடிப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பாதிக் கிராமங்களில் பரிசோதித்திருக்கிறார்கள். மீதிக் கிராமங்களில் எதுவும் செய்யாமல், எத்தனை பேருக்கு நோய் வருகிறது, எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் 92 பெண்கள் இறந்தார்கள். பரிசோதனை நடந்த பக்கம் 83 பேர். ஒன்பது உயிர் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவா இத்தனை பெண்களைக் காத்திருக்க வைத்தார்கள்? பணக்கார நாட்டில் இப்படிச் செய்ய விட்டிருப்பார்களா?

என் பெரியம்மா இந்த நோயில்தான் போனார். எங்கள் பக்கம் எந்த ஆய்வும் நடக்கவில்லை. வெள்ளைப்படுதல் என்று இரண்டு வருடம் கைவைத்தியம் பார்த்து, உதிரப்போக்கு நிற்காமல் போனபிறகுதான் டவுனுக்கு அழைத்துப் போனோம். என் கோபத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் சொல்லுங்கள்.

தமிழ்ச்செல்வி

*

அன்புள்ள தமிழ்ச்செல்வி,

உங்கள் கடிதத்தில் ஒரு தவறும் ஒரு சரியும் இருக்கின்றன. தவறு சின்னது, சரி பெரியது. சின்னதை முதலில் முடித்துவிடுகிறேன்.

83, 92 என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கக் கூடாது. 114 கிராமத் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் 57, 57 ஆகப் பிரித்தார்கள். ஆனால் இரண்டு பக்கமும் பெண்களின் எண்ணிக்கை சமமாக அமையவில்லை. பரிசோதனைப் பக்கம் 30 முதல் 59 வயது வரையுள்ள 49,311 பெண்கள். மறுபக்கம் 30,958 பேர். ஒருவர் ஓராண்டு கண்காணிப்பில் இருந்தால் அதை ஓர் ஆள்-ஆண்டு என்று கணக்கிடுவார்கள். அப்படிப் பார்த்தால் முதல் பக்கம் 2,74,430 ஆண்டுகள், மறுபக்கம் 1,78,781 ஆண்டுகள். மறுபக்கத்தில் இருந்த அதே வேகத்தில் இறப்பு நேர்ந்திருந்தால் பரிசோதனைப் பக்கம் ஏறத்தாழ 141 பேர் இறந்திருப்பார்கள். இறந்தவர்கள் 83 பேர். இது நான் காகிதத்தில் போட்ட கச்சாக் கணக்கு. வயது முதலியவற்றைச் சரிசெய்து ஆய்வாளர்கள் சொன்னது, இறப்பில் 35 சதவீதக் குறைவு, நோயில் 25 சதவீதக் குறைவு. ஆய்வு 2007ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது.

அந்த 83 பேரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு வராதவர்களும் அதில் அடக்கம். அழைக்கப்பட்ட 49,311 பேரில் வந்தவர்கள் 31,343 பேர்தான். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அவர்களையும் சேர்த்து எண்ணிய பிறகும் இந்தக் குறைவு கிடைத்திருக்கிறது என்றால், வந்தவர்களுக்கு அந்தப் பரிசோதனை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்தது எளிய வேலை. பயிற்சி பெற்ற ஒரு நர்ஸ் மூன்று முதல் ஐந்து சதவீத அசெட்டிக் அமிலத்தைக் கருப்பையின் வாயில் தடவுகிறார். ஒரு நிமிடம் காத்திருக்கிறார். புற்றாக மாறும் பாதையில் இருக்கும் செல்களில் உட்கருவும் புரதமும் அடர்ந்திருக்கும். அந்த இடம் மட்டும் வெளுத்துப்போகும். வெறும் கண்ணுக்கே தெரியும். (வினிகர் என்றதும் ஊறுகாய் ஜாடி நினைவுக்கு வந்து பலர் முகம் சுளிக்கிறார்கள். அமிலம் அதேதான். அளவும் சுத்தமும்தான் வேறு.) வெளுத்த இடம் சிறியதாக இருந்தால், அதே வருகையில், அதே நர்ஸ், கருவியால் அதை உறையவைத்து அழித்துவிடுவார். ‘அதே வருகை’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதே நோய்க்கான பழைய பரிசோதனையான பாப் ஸ்மியர் என்றால் செல்லை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், படிக்கத் தெரிந்தவர் வேண்டும், முடிவு வரவேண்டும், அந்தப் பெண் இரண்டாவது முறை பஸ் ஏறி வரவேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு இரண்டாவது முறை யார் வருவார்கள்? திருவனந்தபுரத்தில் புற்றுநோய் மருத்துவராக இருந்து, பிறகு பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குச் சென்ற ரெங்கசாமி சங்கரநாராயணனின் வேலை முழுவதையும் நான் இந்தக் கேள்வியாகத்தான் படிக்கிறேன். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள மருத்துவமனையோடும் அடையாறு புற்றுநோய் நிலையத்தோடும் சேர்ந்து அவர் இதைச் செய்தார்.

இனி உங்கள் சரி.

மறுபக்கத்துப் பெண்களுக்குக் கிடைத்ததை ஆய்வறிக்கை ‘வழக்கமான மருத்துவ வசதி’ என்கிறது. கேட்கக் கண்ணியமாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் அந்தக் கிராமங்களில், இந்த நோயைப் பொறுத்தவரை, வழக்கமான வசதி என்றால் ஒன்றுமில்லை என்றுதான் பொருள். இதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள் அல்ல. திண்டுக்கல், மகாராஷ்டிரத்தின் ஒஸ்மனாபாத், மும்பை ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வுகளின் ஒப்பீட்டுக் குழுக்களில் (பரிசோதனை செய்யப்படாத பக்கங்களில்) இறந்த பெண்களைக் கூட்டி, 254 என்ற எண்ணை முன்வைத்து ஓர் அமெரிக்க மருத்துவர் பல ஆண்டுகள் வாதாடினார்.

இதற்கு வழக்கமாக ஒரு பதில் உண்டு. ‘ஆய்வு நடக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பெண்களுக்கு எதுவும் கிடைத்திருக்காது. ஆய்வு அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை.’ உங்கள் பெரியம்மாவை வைத்தே இந்தப் பதிலைச் சொல்லிவிடலாம். எந்த ஆய்வும் நடக்காத ஊர், எந்தப் பரிசோதனையும் இல்லை, அவரும் இறந்தார். நாடு முழுவதுமே பதிவு செய்யப்படாத ஓர் ஒப்பீட்டுக் குழு என்று கூடச் சொல்லலாம்.

இந்தப் பதிலை நானும் பல ஆண்டுகள் நம்பினேன், மற்றவர்களிடமும் சொன்னேன். இப்போது அதில் பாதிதான் என்னிடம் மீதி இருக்கிறது. பெயர் தெரியாத ஒரு பெண் எங்கோ இறப்பதும், என் பட்டியலில் பெயர், வயது, வீட்டு விவரத்தோடு இருக்கும் ஒரு பெண் இறப்பதும் ஒன்றல்ல. பெயரை எழுதிக்கொண்ட நொடியில் ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. அந்தப் பெண்ணிடம் ‘இந்த நோய்க்குப் பரிசோதனை என்று ஒன்று உண்டு, இந்த இடத்தில் கிடைக்கும், விரும்பினால் நீங்களே போய்ச் செய்துகொள்ளலாம்’ என்று புரியும்படி சொல்லியிருந்தால் அந்தக் கடனில் கொஞ்சம் கழிந்திருக்கும். சொன்னார்களா, எப்படிச் சொன்னார்கள் என்பதை வைத்துத்தான் இப்படிப்பட்ட எந்த ஆய்வையும் நான் இப்போது எடைபோடுகிறேன்.

ஆனால் அந்த 92 என்ற எண் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். கிராமத்தில் வீட்டில் இறக்கும் பெண்ணுக்கு யாரும் காரணம் எழுதி வைப்பதில்லை. ‘வயித்துக் கட்டி’ என்பார்கள், அதோடு முடிந்தது. திண்டுக்கல்லில் ஒரு புற்றுநோய்ப் பதிவேடு நடத்தப்பட்டது. அதனால்தான் அந்த 92 பேரைப் பற்றி நீங்களும் நானும் இன்று சண்டை போட முடிகிறது. உங்கள் பெரியம்மா எந்த அட்டவணையிலும் இல்லை.

பணக்கார நாட்டில் விட்டிருப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். விட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே அந்தக் கேள்வியே எழவில்லை. பாப் ஸ்மியர் இறப்பைக் குறைக்கிறதா என்று குலுக்கல் முறையில் யாரும் அங்கே சோதித்துப் பார்க்கவில்லை. 1950களிலிருந்து அது பரவியது, சாவு குறைந்தது, அதையே சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கண்ணால் கண்டது போதுமாக இருந்தது. நமக்கு மட்டும் ஒப்பீட்டுக் குழு தேவைப்பட்டது. இதில் உள்ள கசப்பை நான் மறுக்கவில்லை. அதே சமயம், அந்த ஒப்பீடு இல்லாவிட்டால் நமக்குத் தெரியாமலே போயிருக்கும் ஒன்றும் இருக்கிறது. அதை என் கட்டுரையில் விட்டுவிட்டேன்.

ஒஸ்மனாபாத் ஆய்வும் சங்கரநாராயணன் குழுவினுடையதுதான். 1,31,746 பெண்கள், நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்கு வினிகர், ஒன்றுக்குப் பாப் ஸ்மியர், ஒன்றுக்கு இந்த நோயை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனை, நான்காவதற்கு எதுவும் இல்லை. 2009இல் வந்த முடிவு: வைரஸ் பரிசோதனை ஒரே ஒரு முறை செய்த குழுவில் 34 பேர் இறந்தார்கள், எதுவும் செய்யாத குழுவில் 64 பேர். இங்கே குழுக்களின் அளவு பெரிதாக வேறுபடவில்லை, அதனால் ஒப்பிடலாம். வினிகர் குழுவிலோ இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. திண்டுக்கல்லில் பலன் தந்த அதே வினிகர்! பார்க்கும் கண்ணைப் பொறுத்தது அந்தப் பரிசோதனை. நர்ஸின் பயிற்சி, மேற்பார்வை, கூடவே சிகிச்சை கிடைக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அது வேலை செய்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே போய்விடுவதால் கண்ணுக்கே எட்டாது. திண்டுக்கல்லிலும் அதிகப் பலன் பெற்றவர்கள் 30 முதல் 39 வயதுப் பெண்கள்தான். இன்று உலக சுகாதார நிறுவனம் முதலில் பரிந்துரைப்பது வைரஸ் பரிசோதனையை. தன் கையால் நிலைநாட்டிய முறையைவிட இன்னொன்று மேல் என்று தன் ஆய்விலேயே காட்டிய மனிதர் என்பதால் எனக்கு அவர் மீது மதிப்பு கூடியது. கட்டுரையில் அதைச் சொல்லாமல் வினிகரை மட்டும் புகழ்ந்தது என் சோம்பல்.

ஒப்புதல் பற்றி இன்னும் கொஞ்சம். ஆந்திரத்திலும் குஜராத்திலும் எச்.பி.வி. தடுப்பூசி போடும் ஒரு செயல்திட்டம் நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள். இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால் பழங்குடிப் பிள்ளைகளுக்கு விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தது அதில் அம்பலமானது. உங்கள் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் என்று ஒன்று உண்டென்றால் அது அந்தக் கையெழுத்துதான். 2010இல் அரசு எல்லாவற்றையும் நிறுத்தியது. அந்தத் திட்டத்தோடு தொடர்பே இல்லாத சங்கரநாராயணனின் தடுப்பூசி ஆய்வும் பாதியில் நின்றது. மூன்று ஊசியா, இரண்டு ஊசியா எது போதும் என்று பார்க்கத் தொடங்கிய ஆய்வு அது. நிறுத்தியபோது ஏறத்தாழ 5,000 சிறுமிகள் ஒரே ஊசியோடு இருந்தார்கள். வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். இவர்கள் அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள், வளர்ந்து திருமணமாகிப் போன பிறகும். ஒரே ஊசி ஏறத்தாழ அதே அளவு காக்கிறது என்று தெரிந்தது. 2022இல் உலக சுகாதார நிறுவனம் ஒற்றை ஊசியை ஏற்றுக்கொண்டதற்கு இந்தச் சான்றும் ஒரு காரணம். தொடக்கத்திலேயே இப்படித் திட்டமிட்டுச் செய்த ஆய்வு அல்ல இது.

திண்டுக்கல் முடிவு வந்தபின் தமிழ்நாட்டு அரசு சும்மா இருக்கவில்லை. தேனியிலும் தஞ்சாவூரிலும் முதலில் தொடங்கி, மற்ற மாவட்டங்களுக்கும் இந்தப் பரிசோதனையைக் கொண்டு போனது. இருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது ஒரு முறை பரிசோதித்துக்கொண்டவர்கள் நம் மாநிலத்தில் 9.8 சதவீதம். அகில இந்திய அளவு 1.9. நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று இதைச் சொல்லிக்கொள்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு அந்த 92 பேரை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆய்வு தவறா என்ற கேள்வியைவிட இது என்னை அதிகம் உறுத்துகிறது.

நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை. இதைப் பற்றி எழுதத் தொடங்கி மூன்று வருடம் கழித்து, 44 வயதில்தான் முதல்முறை பரிசோதனை மேசையில் படுத்தேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றும் இல்லை. ஐந்து நிமிட வேலை. அந்த நர்ஸ் தன் பெண்ணின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டே முடித்துவிட்டார்.

பழைய கட்டுரையில் ஒஸ்மனாபாத் பகுதியை இன்று சேர்த்துவிட்டேன். 92 என்ற எண்ணையும் சேர்த்திருக்கிறேன். முன்பு 35 சதவீதம் மட்டும்தான் இருந்தது.

அன்புடன்,
அக்கா