முழுசாக வரும் கதைகள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். இப்போதுதான் முதல்முறையாக எழுதுகிறேன். என் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு அலுவலர். ஒரு ரூபாய் உதைத்தால்கூட ராத்திரி தூங்கமாட்டார். அப்படிப்பட்டவர் தேர்தல் அறிவித்த நாளிலிருந்து ஆளே மாறிவிடுகிறார். "எல்லாம் ஏற்கனவே முடிவாகிவிட்டது, ஓட்டெல்லாம் கண்துடைப்பு" என்று வாட்ஸப்பில் வருவதை அப்படியே நம்புகிறார், எல்லோருக்கும் அனுப்புகிறார். தேர்தல் முடிந்து சில மாதங்களில் மறந்தும்விடுகிறார். போன தேர்தலில் வாக்குவாதம் முற்றி, "நீங்கள் மூளைச்சலவை செய்யப்பட்டவர்" என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. எனக்குத் தெரிந்தவரை, இதற்கெல்லாம் பின்னால் ஒரே கூட்டம் உட்கார்ந்து திட்டம் போட்டு மக்களை முட்டாளாக்குகிறது. சமூக ஊடகம் வருவதற்கு முன் இப்படி இருந்ததா? படித்தவர்கள்கூடத் தேர்தல் நேரத்தில் மட்டும் ஏன் இப்படி ஆகிறார்கள்? சட்டம் போட்டுத் தடுக்க முடியாதா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

சில வாரங்களாக, அமெரிக்க அதிபர் நிக்ஸனைப் பதவியிலிருந்து இறக்கிய வாட்டர்கேட் விவகாரத்தின் பழைய செய்திகளைத் தேதி வரிசைப்படி வாசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தத் தேதியில் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதுதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்த யோசனையிலேயே இருந்தபோது உங்கள் கடிதம் வந்ததால் உடனே எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடலாம். சமூக ஊடகத்துக்கு முன்பும் இது இருந்தது. 1826இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியா ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் உள்விஷயங்களை அச்சில் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். ஆளைக் கடத்திக்கொண்டு போனார்கள். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. கடத்தியவர்களுக்குச் சொற்பத் தண்டனைதான் கிடைத்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதிலிருந்து, மேசன்கள்தான் மறைவில் இருந்து நாட்டையே ஆள்கிறார்கள் என்ற கதை கிளம்பி, அதற்கென்றே ஒரு கட்சி உண்டாகி, 1832 அதிபர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை ஜெயித்தும் காட்டியது. அன்றைக்குத் தந்திகூடக் கிடையாது. கைபேசி வேகத்தைக் கூட்டியிருக்கிறது, சரி. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் வேறு எழுத வேண்டாம்.

சட்டம் போட்டுத் தடுப்பதா? எது சதிக்கதை, எது சந்தேகம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை, அதுவும் தேர்தல் சமயத்தில், ஆட்சியில் இருப்பவர் கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா? அந்த யோசனையை இத்தோடு விட்டுவிடுங்கள்.

இப்போது வாட்டர்கேட்டுக்கு வருகிறேன். 1972 ஜூன் 17 அதிகாலை, வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சியின் அலுவலகத்துக்குள் ஐந்து பேர் பிடிபட்டார்கள். கையுறை போட்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்கும் கருவிகளும், வரிசையான எண்கள் கொண்ட நூறு டாலர் நோட்டுகளும் வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அதிபர் நிக்ஸனின் மறுதேர்தல் குழுவில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவர். நிக்ஸனின் பிரசாரத்துக்கென்று கொடுத்த 25,000 டாலர் காசோலை அந்த ஐவரில் ஒருவரின் வங்கிக் கணக்கில் போய் விழுந்திருந்தது என்ற செய்தி ஆகஸ்ட் 1 அன்று வந்துவிட்டது. தேர்தலுக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் மேடைக்கு மேடை பேசினார். நவம்பர் 7 தேர்தலில் நிக்ஸன் 50 மாநிலங்களில் 49ஐ ஜெயித்தார்.

இதை நினைத்துப் பாருங்கள். தேர்தல் பிரசாரத்தின் நட்டநடுவில் ஒரு நிஜமான சதி பிடிபட்டுக் கிடக்கிறது. நோட்டின் எண் இருக்கிறது, காசோலை இருக்கிறது, ஆட்கள் காவலில் இருக்கிறார்கள். ஜனங்களுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. நிக்ஸன் பதவி விலகியது 1974 ஆகஸ்டில்தான். தேர்தல் முடிந்து ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது.

ஏன் அப்படி? உண்மையான சதி துண்டு துண்டாகத்தான் வெளியே வரும். இன்றைக்கு ஒரு காசோலை, ஒரு மாதம் கழித்து ஒரு டெலிபோன் நம்பர், அப்புறம் கேள்விப்படாத ஒரு குமாஸ்தாவின் வாக்குமூலம். ஒன்றுக்கொன்று பொருந்தாமல் கிடக்கும். நடுவில் பெரிய ஓட்டைகள் இருக்கும். அதைக் கையில் வைத்திருப்பவருக்கே முழுக் கதை தெரியாது, கேட்டால் "இன்னும் விசாரிக்க வேண்டும்" என்பார். வேலை முடிந்து களைத்து வருகிற மனிதர் இதை உட்கார்ந்து பின்தொடர மாட்டார்.

இட்டுக்கட்டிய சதிக்கதை முதல் நாளே முழுசாக வந்து சேரும். யார் செய்தார்கள், எதற்குச் செய்தார்கள், யாருக்கு எவ்வளவு போனது, அடுத்து என்ன நடக்கும், எல்லாம் அதில் இருக்கும். ஓட்டையே இருக்காது. ஏதாவது ஓர் இடத்தில் கேள்வி கேட்டால், "அதைத்தான் மறைத்துவிட்டார்கள்" என்ற பதிலும் கூடவே வரும். ஆதாரம் இல்லாததே ஆதாரமாகிவிடும்.

படித்தவர்கள் தேர்தல் நேரத்தில் மட்டும் ஏன் மாறுகிறார்கள் என்று கேட்டீர்கள். தேர்தலுக்குத் தேதி குறித்தாயிற்று. அதற்குள் ஒரு பக்கம் நின்றாக வேண்டும். மற்ற நாட்களில் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்கிற மனிதர், வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்னால் அப்படிச் சொல்ல முடியாது. விசாரணைக்கு இரண்டு வருடம் வேண்டும், பிரசாரமோ சில வாரங்களில் முடிந்துவிடும். அந்தச் சில வாரங்களுக்குள் முழுசாகக் கையில் கிடைப்பது பொய் மட்டும்தான். பரப்புகிறவருக்கும் இது நன்றாகத் தெரியும். அவர் சொன்னது தவறென்று நிரூபணம் ஆவதற்குள் விரலில் மை காய்ந்திருக்கும். தோற்கப்போகிற வேட்பாளருக்கு இதில் இன்னொரு லாபம். தோல்விக்கான காரணத்தை அவர் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடலாம்.

கதையைத் துண்டுகளாகக் கொண்டுவாருங்கள் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை 2020 நவம்பரில் பார்த்தோம். அமெரிக்கத் தேர்தலில் பெரும் மோசடி என்று டிரம்பின் வழக்கறிஞர் ரூடி ஜூலியானி பத்திரிகையாளர்கள் முன்னால் முழங்கினார். அதே மாதம் 17ஆம் தேதி பென்சில்வேனியாவில் நீதிபதி துருவிக் கேட்டபோது, இது மோசடி வழக்கு அல்ல என்று அவரே ஒத்துக்கொண்டார். நீதிமன்றத்தில் எந்த ஊர், எந்தப் பெட்டி, எத்தனை சீட்டு என்று கேட்பார்கள். மேடையில் யாரும் கேட்பதில்லை.

நிஜமான தில்லுமுல்லு பார்க்க எப்படி இருக்கும் என்பதற்கு 2024 ஜனவரி 30 அன்று சண்டிகரில் நடந்த மேயர் தேர்தலைச் சொல்வேன். மொத்தமே 36 ஓட்டு. காகிதச் சீட்டு. தேர்தலை நடத்திய அதிகாரி பேனாவை எடுத்துச் சீட்டுகளில் கிறுக்குகிறார், நடுவில் தலையைத் தூக்கிக் கேமராவைப் பார்க்கிறார். 8 ஓட்டு செல்லாது என்று ஒதுக்கப்பட்டு, 12 ஓட்டு வாங்கியவர் 16 வாங்கியவரிடம் தோற்றதாக அறிவித்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த எட்டுச் சீட்டையும் வரவழைத்துப் பார்த்து, பிப்ரவரி 20 அன்று முடிவைத் திருப்பிப் போட்டது. ஒரு ஆள், ஒரு பேனா, எட்டுச் சீட்டு. உங்கள் அப்பாவுக்கு வருகிற செய்திகளில் இந்த அளவுக்குத் துல்லியமான ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவைச் சொன்னேன், உங்களையும் சொல்ல வேண்டும். "இதற்கெல்லாம் பின்னால் ஒரே கூட்டம் உட்கார்ந்து திட்டம் போடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது என்ன? எந்தக் கூட்டம்? எங்கே உட்கார்ந்திருக்கிறது? கட்சிகள் காசு கொடுத்துப் பொய் பரப்புவது நடக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியது அதையல்ல. கோடிக்கணக்கான பேரின் பயம், கோபம், வெறும் வாய்ப்பேச்சு எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் அடைத்து, ஒரு முழுக் கதையாக்கி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கதையை வைத்துப் பெற்ற தகப்பனை மூளைச்சலவை ஆனவர் என்று சொல்லியும் விட்டீர்கள். ஒரு ரூபாய் உதைத்தால் தூங்காத மனிதரை! சந்தேகப்படுவதுதான் அவருக்கு வாழ்நாள் முழுக்கத் தொழில். ஆனால் அலுவலகத்தில் அவர் சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க ரசீது இருந்தது. தேர்தலில் சந்தேகப்பட்டால் எடுத்துப் பார்க்க அவர் கையில் என்ன இருக்கிறது?

இதை எழுதும்போது எனக்கு ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். 2001 சட்டமன்றத் தேர்தல். தமிழ்நாடு முழுக்க முதன்முதலாக இயந்திரத்தில் ஓட்டுப் போட்டது அந்த முறைதான். எனக்கு ஒரு வாக்குச்சாவடியில் தலைமை அலுவலர் பணி. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் ஒரே கட்சிக்குத்தான் விழும் என்ற பேச்சு அப்போதே இருந்தது. ஆளுக்கொரு கட்சிப் பெயரைச் சொன்னார்கள். காலையில் வேட்பாளர்களின் ஏஜென்ட்டுகளை உட்காரவைத்து மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, அழித்துவிட்டு, பச்சைத் தாளால் சீல் வைத்து மூடினோம். ஏஜென்ட்டுகள் அதில் கையெழுத்துப் போட வேண்டும். மற்றவர்கள் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்கள். அந்தப் பெரியவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீலின் எண்ணை ஒரு சின்ன நோட்டில் எழுதி, எழுதியதை என்னிடம் காட்டி, "சரியா இருக்கா பாருங்க சார்" என்றார். சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்ததும் 17சி படிவத்தைக் கேட்டு வாங்கினார். எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். அதை ஏஜென்ட்டுகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதே விதி, ஆனால் பல பேர் காத்திருந்து வாங்குவதில்லை. அவர் வாங்கி, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அவருடைய கட்சி அங்கே தோற்றது. அடுத்த வாரம் பஸ்ஸில் தற்செயலாக அவரைப் பார்த்தேன். பெட்டியை வழியிலேயே மாற்றிவிட்டார்கள் என்று அவர் கட்சிக்காரர்களே சொல்லிக்கொண்டிருந்த நேரம். அவரிடம் கேட்டேன். "எண்ணும்போது நான் உள்ள இருந்தேன் சார். என் சீல் நம்பர் அதேதான். மெஷின்ல காட்டின மொத்தமும் என் சீட்டுல இருந்ததும் ஒண்ணுதான். என் பூத்துல ஒண்ணும் நடக்கல. அடுத்த பூத்தப் பத்தி அங்க உட்கார்ந்தவன் சொல்லட்டும்."

கடைசி வாக்கியத்தை நான் மறக்கவே இல்லை. அவருக்கு இயந்திரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. தன் கட்சி தோற்றதில் வருத்தம், கொஞ்சம் கோபமும் இருந்தது. ஆனால் தன் கையில் இருக்கிற துண்டு எவ்வளவோ அவ்வளவுதான் பேசினார். எல்லாம் சரியாக நடந்தது என்றும் சொல்லவில்லை, எல்லாம் மோசடி என்றும் சொல்லவில்லை. ஒரு படிவமும் ஒரு நம்பரும் கையில் இருந்ததால் அவருக்கு முழுக் கதை தேவைப்படவில்லை.

அன்றைக்கு வாக்குப்பதிவு மே 10, எண்ணிக்கை மே 13. மூன்றே நாள். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு வாக்களித்தது ஏப்ரல் 19, எண்ணியது ஜூன் 4. நாற்பத்தாறு நாள் இயந்திரங்கள் ஸ்ட்ராங் ரூமில் பூட்டிக் கிடந்தன, ஜனங்கள் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கட்டத்தின் இறுதி வாக்குப்பதிவு சதவீதத்தைத் தேர்தல் ஆணையம் பதினொரு நாள் கழித்து ஏப்ரல் 30 அன்றுதான் வெளியிட்டது. வாக்குப்பதிவு நாளில் சொன்ன தோராயக் கணக்கைவிட அது கூடுதல். வரிசையில் நின்றவர்கள் பிறகு வாக்களித்ததும், தூரத்துச் சாவடிகளின் கணக்கு தாமதமாக வந்ததும் போதுமான காரணங்கள். ஆனால் பதினொரு நாள் காலியாக விட்டால் அந்த இடத்தை யாராவது நிரப்பத்தான் செய்வார்கள். எண்ணிக்கையை எண்ணிக்கையாகவே கொடுங்கள் என்று வழக்குப் போய், மே 25 அன்று முதல் ஐந்து கட்டங்களுக்கான வாக்காளர் எண்ணிக்கையை ஆணையம் வெளியிட்டது. அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். கதையை நம்பும் ஜனங்களைத் திட்டுகிறவர்கள், துண்டுகளைக் கொடுக்கத் தாமதிப்பவர்களை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை.

சந்தேகம் ஒரு கட்சியின் சொத்தும் இல்லை. 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில்தான் இந்தியாவில் முதன்முதலாக இயந்திரம் வைத்தார்கள், அதுவும் 50 சாவடிகளில். தேர்தலுக்கு முன்னால் அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை. 123 ஓட்டில் அவரே ஜெயித்துவிட்டார். அதன் பிறகு இயந்திரத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர் தோற்றுப்போன காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ். இயந்திரம் கெட்டது என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. சட்டத்தில் அதற்கு இடம் இல்லை என்று சொல்லி அந்த 50 சாவடிகளிலும் சீட்டில் மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. அதில் ஜோஸ் ஜெயித்தார். பிறகு 1988இல் சட்டத்தைத் திருத்தினார்கள்.

உங்கள் அப்பா எந்தக் கட்சிக்காரர் என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் சரி, காலையிலிருந்து இருட்டும்வரை பூத்தில் உட்கார நிதானமான ஆள் கிடைக்காமல் எல்லாக் கட்சியும் திண்டாடுகிறது. வேட்பாளர் தரப்பில் படிவம் 10இல் பெயர் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அவர் ஏஜென்ட். கணக்குப் பார்த்த மனிதர், அந்த வேலையை அவரைவிட யார் நன்றாகச் செய்வார்கள்? ஆனால் அதை முதல் பேச்சாகத் தொடங்காதீர்கள். முதலில் அந்த வார்த்தைக்காக மன்னிப்புக் கேளுங்கள். ஏஜென்ட் விஷயத்தைச் சில நாள் கழித்துச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் நீங்களும் ஒரு பூத்தில் உட்காருங்கள், எதிர்க்கட்சிக்காக இருந்தாலும் பரவாயில்லை. வரும்போது 17சியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.