மணியடித்தால் மயங்கி விழும் நாய்: வலிப்பா, இதயக் கோளாறா?

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். எங்கள் மின்னி பத்து வயதுப் பெண் நாய். மினியேச்சர் ஷ்னாசர் இனம். சில மாதங்களாக அவ்வப்போது திடீரென்று சாய்ந்து விழுகிறாள். வாசல் மணி அடிக்கும்போதோ, நாங்கள் வேலை முடிந்து வந்ததும் துள்ளும்போதோதான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. முன்னங்கால்கள் விறைக்கின்றன, ஒருமுறை சிறுநீரும் போய்விட்டது. அரை நிமிடத்தில் எழுந்து வாலாட்டுகிறாள். ரத்தப் பரிசோதனையிலும் இசிஜியிலும் குறையில்லை. வலிப்பாக இருக்கலாம் என்று மாத்திரை தந்திருக்கிறார்கள். தொடங்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தவரையில், மின்னிக்கு வருவது வலிப்பைவிட இதயத் துடிப்பின் கோளாறால் ஏற்படும் மயக்கமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆயினும், வலிப்பு மாத்திரையைத் தொடங்குமுன் இதயத்தை இன்னும் விரிவாகச் சோதிக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அதுவரை மாத்திரையைத் தள்ளிவைக்கலாமா என்று உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

கால் விறைப்பதும் சிறுநீர் போவதும் வலிப்புக்கே உரிய அடையாளங்கள் என்று பலரும் எண்ணுகிறார்கள். மூளைக்குச் செல்லும் ரத்தம் சில நொடிகள் தடைப்பட்டாலும் இவை நிகழும். நாய் கத்தவும் தலை பின்னோக்கி வளையவும்கூடச் செய்யும். ஆகவே, விழுந்து கிடக்கும் நேரத்தைவிட, விழுவதற்கு முன்னும் எழுந்த பின்னும் நடப்பவைதான் நமக்கு அதிகம் உணர்த்தும். வலிப்பு பெரும்பாலும் நாய் படுத்திருக்கும்போதோ உறங்கும்போதோ வரும். ஒன்றிரண்டு நிமிடங்கள் நீடிக்கும். எச்சில் வழியும், தாடை மெல்லுவதுபோல் அசையும். அடங்கிய பிறகும் நாய் வெகுநேரம் தடுமாறி, வீட்டாரையே அறியாததுபோல் சுற்றிவரும். மின்னியோ உற்சாகத்தின் உச்சத்தில் விழுந்து, எழும்போதே தெளிவாக இருக்கிறாள். தவிர, வேறு காரணம் எதுவும் இல்லாமல் வரும் வலிப்பு நோய் பொதுவாக 6 மாதம் முதல் 6 வயதுக்குள் தொடங்கிவிடும்.

இனமும் ஒரு தடயம். இதயத்தில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் சைனஸ் கணு பழுதடைந்து, துடிப்பு வெகுவாகக் குறைவதும் இடையிடையே நின்றுவிடுவதுமான ‘சிக் சைனஸ் சிண்ட்ரோம்’ என்னும் நோய், வயதான பெண் ஷ்னாசர்களிடம் அதிகம் காணப்படுகிறது. இசிஜி சரியாக இருந்ததே என்று கேட்பீர்கள். ஐந்து நிமிட இசிஜி என்பது ஒரு நாளின் 288இல் ஒரு பங்குதான். அந்நேரத்தில் துடிப்பு நிற்கவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது, மற்ற நேரத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

எனவே அடுத்த படி ஹோல்டர் பரிசோதனை. மார்பில் சிறிதளவு முடியை மழித்து மின்முனைகளை ஒட்டி, மேலே ஒரு சட்டையைப் போட்டு, குறைந்தது 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்வார்கள். அன்று மின்னியைப் பொத்திப் பொத்தி வைக்காமல், வழக்கம்போல் இருக்க விடுங்கள். எப்போது உண்டாள், துள்ளினாள், விழுந்தாள் என்பதை நேரத்துடன் குறித்து வைக்க வேண்டும். மயக்கம் பல வாரங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால், தோலுக்கடியில் பொருத்தும் சிறு பதிவுக் கருவி உதவும். வால்வுகளையும் இதயத் தசையையும் பார்க்க எக்கோ ஸ்கேன் தேவை. துடிப்பைக் கூட்டும் அட்ரோப்பின் மருந்தை ஊசியாகப் போட்டுத் துடிப்பு எவ்வளவு உயர்கிறது என்று பார்ப்பதும், மருந்தே போதுமா பேஸ்மேக்கர் வேண்டுமா என்று முடிவெடுக்கத் துணைபுரியும். இவற்றின் விடை தெரியும்வரை, பல் சுத்தம் செய்வதற்காக மயக்க மருந்து கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இதற்கிடையில் உங்கள் கைபேசியே பெரிய உதவி. மீண்டும் விழுந்தால் ஒருவர் காணொளி எடுக்கட்டும்; மற்றவர் மேலுதட்டைத் தூக்கி ஈறின் நிறத்தைக் காட்டட்டும். இடது முழங்கைக்குச் சற்றுப் பின்னால் உள்ளங்கையை வைத்தால் துடிப்பு தெரியும். அந்த நேரத்தில் துடிப்பே கைக்குத் தட்டுப்படாமல் சில நொடிகள் கழிந்து, பிறகு திடுமெனத் தொடங்கினால், அந்த ஒரு தகவல் பல பரிசோதனைகளுக்கு ஈடாகும். இப்போதே, அவள் ஓய்வாக இருக்கும்போது தொட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நாய் கடிப்பது தன்னை அறியாமலும் நடக்கலாம் என்பதால், விழுந்திருக்கும்போது வாய்க்குள் மட்டும் விரல் விடாதீர்கள்.

இதயத்தில் குறையில்லை என்றால் வேறு காரணங்களைத் தேட வேண்டும். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 3.3 மில்லிமோலுக்குக் கீழே இறங்குவது, அட்ரீனல் சுரப்பிக் குறைபாடு, உண்ணியால் பரவும் காய்ச்சல் தரும் ரத்தசோகை ஆகியவை முக்கியமானவை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள்: நீரிழிவுக்கோ ரத்த அழுத்தத்துக்கோ அவர்கள் உண்ணும் மாத்திரை கீழே விழுந்து மின்னியின் வாய்க்குப் போயிருக்கிறதா? சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி கலந்த சூயிங்கமும் மிட்டாயும் நாயின் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

நடைக்கு அழைத்துச் செல்வதை வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டையைப் பயன்படுத்துங்கள். கழுத்தில் விழும் அழுத்தமே துடிப்பை மேலும் குறைக்கக்கூடும். ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் விழுந்தாலோ, எழுந்த பின்னும் ஈறுகள் வெளுத்தே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, ஐந்து நிமிடத்துக்குமேல் கால்களை உதறிக்கொண்டிருந்தாலோ, மறுநாள் முன்பதிவுக்காகக் காத்திராமல், இரவானாலும் 24 மணி நேர விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.