குளிர்காலத்தில் துண்டு துண்டாக உரியும் பாம்புச் சட்டை

கேள்வி: டொரொண்டோவில் வசிக்கிறேன். என் பால் பைத்தானை (ball python என்னும் சிறிய வகை மலைப்பாம்பு) கம்பிவலை மூடியுள்ள கண்ணாடித் தொட்டியில், பீங்கான் வெப்ப விளக்கு வைத்து வளர்க்கிறேன். குளிர் தொடங்கியதிலிருந்து ஈரப்பதம் 30 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. தினமும் மூன்று முறை தண்ணீர் தெளித்தும் பயனில்லை. சட்டை துண்டு துண்டாக உரிந்து, ஒரு கண்மீது சவ்வு ஒட்டியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் கண். நகத்தாலோ இடுக்கியாலோ அந்தச் சவ்வை எடுக்க முயலாதீர்கள், கண்ணே பாழாகிவிடலாம். ஈரப்பதம் சரியானால் அடுத்த முறை சட்டை உரிக்கும்போது பெரும்பாலும் தானே வந்துவிடும். அப்போதும் வராவிட்டால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள். உடம்பில் ஒட்டிய துண்டுகளுக்கு, வெதுவெதுப்பான ஈரத்துண்டு விரித்த, காற்றுத் துளையுள்ள பெட்டியில் அரைமணி நேரம் விட்டால் போதும்.

இனி காரணத்துக்கு வருவோம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக் காற்று ஏற்கெனவே வறண்டது. 22 டிகிரியில் 30 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை, தண்ணீர் சேர்க்காமல் 32 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் சுமார் 17 சதவீதமாக இறங்கிவிடும். உங்கள் விளக்கு இதைத்தான் செய்கிறது. சூடான காற்று வலை வழியே மேலேறிப் போக, அறையின் வறண்ட காற்று உள்ளே வருகிறது. தெளிக்கும் தண்ணீரும் அதே வழியில் போய்விடுகிறது. அதற்காக இன்னும் அதிகமாகத் தெளித்தால் தரை எந்நேரமும் நனைந்து, அடிவயிற்றுச் செதில் அழுகத் தொடங்கும். தெளிப்பானை ஓரமாக வையுங்கள் என்பதே என் யோசனை.

வலையில் முக்கால் பாகத்தை அலுமினியத் தாளால் மூடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். விளக்கைச் சுற்றி மட்டும் நன்றாக இடைவெளி விடவேண்டும். தரையில் எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தேங்காய் மட்டைச் சில்லுகளோ, பொள்ளாச்சிப் பக்கமிருந்து கப்பலேறும் நார்க்கழிவோ போட்டு, மூலைகளில் தண்ணீர் ஊற்றுங்கள். அடி ஈரமாகவும் மேல் காய்ந்தும் இருக்கவேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் இந்தப் பாம்பு பகலில் பதுங்கும் எலி வளைகளும் கறையான் புற்றுகளும் வெளிக்காற்றைவிட ஈரமானவை. அதனால் நனைத்துப் பிழிந்த பாசி (moss) நிரப்பிய ஒளிவிடம் ஒன்றும் வையுங்கள்.

இலக்கு 60 முதல் 80 சதவீதம். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. விளக்குக்குத் தெர்மோஸ்டாட் கட்டாயம். மூடியை அடைத்தபின் உள்ளே சூடு கூடும் என்பதால் முதல் இரண்டு நாள் அடிக்கடி பாருங்கள்.

ஈரப்பதமானி முள் வைத்ததாக இருந்தால் டிஜிட்டல் ஒன்று வாங்குங்கள். அதையும் சோதிக்கலாம். புட்டி மூடியில் சமையல் உப்பைச் சில துளி நீரில் சேறுபோலக் குழைத்து, மானியோடு காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 காட்டவேண்டும். 70 காட்டினால், இனி 5 கூட்டிப் படியுங்கள்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, சீழ்க்கைபோல ஒலி, வாயோரம் நுரை ஆகியவற்றில் ஏதேனும் கண்டால் அது சுவாசத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தொட்டியைச் சரிசெய்தால் மட்டும் போதாது, உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.