தோட்டத்துக் கருவியின் பேட்டரி ஏன் தங்குவதில்லை?

கேள்வி: தென்னந்தோப்பில் மண் ஈரம் பார்க்க நானே ஒரு லோரா (குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் தகவல் அனுப்பும் ரேடியோ முறை) கருவி செய்து வைத்தேன். நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்புகிறது. பேட்டரி மூன்று வாரம்கூட வரவில்லை. பெரிய பேட்டரி போடலாமா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: வேண்டாம் ஐயா, முதலில் அனுப்பும் திறனைக் குறையுங்கள். லோரா கருவிகளில் பரவலாக இருக்கும் எஸ்எக்ஸ்1276 என்ற ரேடியோ சில்லு, 20 டிபிஎம்மில் (அனுப்பும் திறனின் அளவு) சுமார் 120 மில்லிஆம்பியர் இழுக்கும். 13 டிபிஎம்மில் 29தான். குறைகிற தூரத்தை ஆன்டெனாவை உயரத் தூக்கிக் கட்டி ஈடுகட்டுங்கள். ஓலைக்குள் அது ஒளிந்திருக்கக் கூடாது.

ஸ்ப்ரெட்டிங் ஃபேக்டரை, அதாவது தகவலை எவ்வளவு நிதானமாக அனுப்புவது என்ற அமைப்பை, 12 என்று வைத்திருக்கிறீர்களா? ஒவ்வொரு படி இறக்கும்போதும் அனுப்பும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். சிக்னல் அறுந்துபோகாத அளவுக்கு 7 நோக்கி இறக்கிப் பாருங்கள். மண் ஈரம் நிமிடத்துக்கு நிமிடம் மாறாது. அரைமணிக்கு ஒருமுறை தாராளம்.

இன்னொன்று. தூங்கும்போது அந்தச் சில்லு ஒரு மைக்ரோஆம்பியர்கூடக் கேட்காது. ஆனால் என் முதல் கருவியில் மல்டிமீட்டர் வைத்தபோது 2 மில்லிஆம்பியர் காட்டியது. போர்டில் இருந்த சின்னச் சிவப்பு எல்இடி! ஒரு நாளைக்கு 48 மில்லிஆம்பியர்-மணி வீணாகிக்கொண்டிருந்தது. சூடான சால்டரிங் அயர்னால் அதைக் கழற்றிய பிறகுதான் எனக்கு நிம்மதி. உங்கள் போர்டிலும் இன்றே பாருங்கள்.