செயின்ட் மார்ட்டின் தீவில் மொபைல் டேட்டா: பிரெஞ்சு சிம் மட்டும் போதுமா?

பாரிஸிலிருந்து குடும்பத்தோடு போகிறீர்கள், கையில் இருக்கும் பிரெஞ்சு சிம்மே போதுமா, அங்கே போய் வேறு வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதித் தீவுக்குப் போதும், மீதிக்குப் போதாது. போய் வந்தவன் என்கிற முறையில் விவரமாகவே சொல்கிறேன்.

கரீபியன் கடலில் இருக்கும் இந்தத் தீவு மொத்தம் 87 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் 1648இல் போட்ட ஒப்பந்தத்திலிருந்து இரண்டு ஆட்சி. வடக்கே பிரெஞ்சுப் பக்கம், ஊர் மாரிகோ. அது ஐரோப்பிய ஒன்றியத்தின் பகுதி என்பதால் உங்கள் சிம் வீட்டில் வேலை செய்வதுபோலவே அங்கும் செய்யும், ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. தெற்கே டச்சுப் பக்கம், ஊர் பிலிப்ஸ்பர்க். அது நெதர்லாந்து முடியரசைச் சேர்ந்தது, ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே. அங்கே அதே சிம்முக்கு வெளிநாட்டுக் கட்டணம். எல்லையில் காவலும் இல்லை, சோதனையும் இல்லை. ஒரு பலகையும் நினைவுத் தூணும் உண்டு, காரில் போனால் கவனிக்காமலே தாண்டிவிடலாம்.

இதில் பலர் யோசிக்காத விஷயம், பாரிஸிலிருந்து வரும் பெரிய விமானங்கள் இறங்கும் ஜூலியானா விமான நிலையம் டச்சுப் பக்கத்தில் இருப்பது. தரை தொட்டதும் ஃபிளைட் மோடை எடுத்து, "வந்து சேர்ந்துவிட்டோம்" என்று படம் அனுப்பினால் அங்கேயே மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். ஆகவே பாரிஸில் ஏறும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். விமான நிலைய வைஃபையில் செய்தி அனுப்பலாம்.

அடுத்தது, பிரெஞ்சுப் பக்கம் தங்கினாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. செல்போன் கோபுரத்துக்கு எல்லைக்கோடு தெரியாது. கிழக்கே ஆயிஸ்டர் பாண்ட், மேற்கே டச்சுப் பக்கக் கூப்பக்காயை ஒட்டிய பகுதி போன்ற எல்லையோர இடங்களில் பிரெஞ்சு மண்ணில் நிற்கும்போதே டச்சு சிக்னல் வலுவாக இருந்தால் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். வடக்குக் கடற்கரைக்குப் போனால் எதிரே ஆங்குயிலா, அது பிரிட்டனின் தீவு, அதன் சிக்னலும் வந்து ஒட்டிக்கொள்ளலாம். அதனால் செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வை "ஆட்டோமேட்டிக்" என்பதிலிருந்து எடுத்து, உங்கள் கம்பெனிக்குரிய பிரெஞ்சு நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். எல்லை தாண்டினால் சிக்னல் போய்விடும். நமக்கு வேண்டியதும் அதுதான். டேட்டாவை மட்டும் அணைத்தால் போதாதா என்றால், போதாது. டச்சுப் பக்கத்தில் வருகிற அழைப்பை எடுத்தாலும் காசு.

சரி, டச்சுப் பக்கம் சுற்றும்போது என்ன செய்வது? எப்போதாவது ஒரு மத்தியானம் மட்டும் போகிறீர்கள் என்றால் ஒன்றும் வாங்க வேண்டாம். கூகுள் மேப்பில் முழுத் தீவையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், இணையம் இல்லாமலே வழி காட்டும். மாஹோ கடற்கரையில் தலைக்கு மேல் இறங்கும் விமானங்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நேரம் தெரிய ஆப்கூட வேண்டாம், பக்கத்து மதுக்கடையில் ஒரு சர்ஃப் பலகையிலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் தங்குவதே டச்சுப் பக்கம் என்றால் அங்குள்ள கம்பெனிகளான டெல்எம் அல்லது ஃப்ளோவின் ப்ரீபெய்ட் சிம் வாங்குங்கள், டாலரிலேயே பணம் கொடுக்கலாம். போன் ஒரே கம்பெனி சிம்முக்கென்று லாக் செய்யப்படாததாக இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் தினமும் அலைகிறவர்களுக்கு ஈசிம்தான் (அட்டை போடாமல் போனிலேயே பதிவாகும் சிம்) நல்லது. வாங்கும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும். விற்பவர்கள் இந்தத் தீவை இரண்டு நாடுகளாகப் பட்டியலிடுவார்கள்: பிரெஞ்சுப் பக்கத்துக்குக் குறியீடு எம்எஃப் (MF), டச்சுப் பக்கத்துக்கு எஸ்எக்ஸ் (SX). ஒன்று மட்டும் இருக்கும் பேக் பாதித் தீவில் செத்துவிடும். இரண்டும் இருக்கும் கரீபியன் பேக் விலை கூடுதல்தான், பரவாயில்லை. பெரும்பாலான ஈசிம்மில் டேட்டா மட்டுமே, நம்பர் வராது. வங்கி ஓடிபிக்காகப் பழைய சிம்மையும் போனில் வைத்திருங்கள், டேட்டா மட்டும் ஈசிம்மிலிருந்து போகட்டும்.

ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு போன் செய்தால் அது வெளிநாட்டு அழைப்பு. ரெண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓட்டலாக இருந்தாலும் அப்படித்தான்! டச்சுப் பக்கத்துக்குக் குறியீடு 1 721. பிரெஞ்சுப் பக்கத் தரைவழி எண்ணுக்கு 590ஐ இரண்டு முறை அடிக்க வேண்டும், முதலாவது நாட்டுக் குறியீடு, இரண்டாவது எண்ணின் தொடக்கம். டாக்ஸிக்காரர், விடுதிக்காரர் எல்லோரும் பெரும்பாலும் வாட்ஸப்பில் இருப்பார்கள், அதிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

சார்ஜரும் இதே கதைதான். பிரெஞ்சுப் பக்கம் 220 வோல்ட், ஐரோப்பியப் பிளக். டச்சுப் பக்கம் 110 வோல்ட், அமெரிக்கத் தட்டைப் பிளக். ஒரு அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கப்பலில் வருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: கப்பலுக்கென்று தனி செல்போன் நெட்வொர்க் உண்டு, அது சாட்டிலைட் வழியாகப் போவதால் விலை தாறுமாறாக இருக்கும். பிலிப்ஸ்பர்க் துறையில் கால் வைக்கும்வரை ஃபிளைட் மோடை எடுக்க வேண்டாம்.