ஆசியாவில் முதலில் எல்லோருக்கும் வாக்குரிமை தந்த நாடு இலங்கை என்கிறார்களே, அங்கே மக்களாட்சியும் முதற்கட்சிகளும் எப்படி வளர்ந்தன?

கேள்வியின் நடையைப் பார்த்தால், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒருவர் கேட்டது போலத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் 1931 என்ற ஆண்டைப் பார்த்து வியந்திருப்பீர்கள். நான் நீலகிரியில், பந்தலூரை அடுத்த சேரம்பாடிப் பக்கம், தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வளர்ந்தவன். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. அந்த 1931ஐ மட்டும் தனியே எடுத்துப் பாராட்டும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கட்சிகளைப் பற்றிக் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் பொன்னம்பலம் அருணாசலம் ஒரு தமிழர். மேல் மாகாணத்தில் தமிழருக்குத் தருவதாகச் சொன்ன இடம் கிடைக்காமல் போனதால் 1921இல் அவர் விலகினார். படித்தவர்களும் நிலவுடைமையாளர்களும் கூடிய சங்கமாகவே அது இருந்தது. அரசியலமைப்பைச் சீர்திருத்தப் பிரிட்டன் அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1927இல் வந்தபோது, மாத வருமானம் 50 ரூபாய்க்குக் குறைந்தவர்களுக்கு வாக்கு வேண்டாம் என்பதே காங்கிரஸ் தலைவர்களின் நிலைப்பாடு. எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று கேட்டவர் கொழும்புத் தொழிலாளர் தலைவர் ஏ. ஈ. குணசிங்க. பெண்கள் வாக்குரிமைச் சங்கமும் அப்போது தன் கோரிக்கையை முன்வைத்தது. ஆணைக்குழு அவர்கள் பக்கம் சாய்ந்ததால், 21 வயது நிரம்பிய ஆண் பெண் எல்லோரும் 1931இல் வாக்களித்தனர். பிரிட்டனிலேயே ஆணுக்குச் சமமான வாக்கு பெண்ணுக்குக் கிடைத்து அப்போது மூன்று ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. கொள்கையும் தொண்டர்களும் உள்ள முதல் கட்சி என்று நான் கருதுவது 1935 டிசம்பரில் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சியை. மலேரியாக் கொள்ளைநோயின்போது கிராமங்களில் பணியாற்றிய இளைஞர்கள் பலர் அதில் இருந்தனர். ஐக்கிய தேசியக் கட்சி 1946இல்தான் வந்தது.

ஆனால் அந்த "எல்லோருக்கும்" என்பதில், தமிழ்நாட்டிலிருந்து போன தோட்டத் தொழிலாளர் முழுமையாக ஒருபோதும் அடங்கவில்லை. மற்றவர்களுக்கு வயது வந்தாலே போதும். எங்கள் முன்னோர்களோ நிரந்தரமாக இலங்கையில் குடியிருப்பவர்கள் என்பதை ஏதேனும் ஒரு வகையில் நிறுவ வேண்டியிருந்தது. ஐந்தாண்டு வசித்ததற்கான சான்றிதழ் வாங்குவது அதில் ஒரு வழி. கிராமச் சபைத் தேர்தலிலோ, 1937இல் நிறைவேறிய திருத்தத்துக்குப் பின் தோட்ட மக்களுக்கு வாக்கே இல்லை. இருந்தும் கிடைத்த வாக்கை அவர்கள் வீணாக்கவில்லை. 1936இல் அட்டன் தொகுதி கோ. நடேசய்யரைச் சட்டசபைக்கு அனுப்பியது. நேரு இலங்கைக்கு வந்திருந்த 1939இல் இந்திய வம்சாவளியினரின் அமைப்பாக இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. அடுத்த ஆண்டு சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீசார் சுட்டு இறந்தார். அதன் பிறகு தோட்டம் தோட்டமாகத் தொழிற்சங்கம் பரவியது.

என் தாத்தா தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கவ்வாத்து வெட்டுபவர், அதாவது தேயிலைச் செடியைக் கத்தரிப்பவர். 1947 பொதுத் தேர்தலில் அவரும் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்களும் விடியற்காலையிலேயே கிளம்பிப்போய் வாக்களித்திருக்கிறார்கள். தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை வென்றார், நுவரெலியாவில் தொண்டைமான் வென்றார். நாவலப்பிட்டி, கொட்டகலைத் தொகுதிகளும் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கே கிடைத்தன. அதன் வேட்பாளர் இல்லாத இடங்களில் தோட்ட வாக்கு பெரும்பாலும் இடதுசாரிகளுக்குப் போயிற்று. தேர்ந்தெடுக்கப்படும் 95 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42தான். ஆளுங்கட்சி எங்கே அஞ்சியது என்பதை அறிய இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

1948 பிப்ரவரியில் விடுதலை. அதே ஆண்டிலேயே பிரஜாவுரிமைச் சட்டம், அதாவது குடியுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்திருந்தாலும் போதாது. தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்ததை நிறுவ வேண்டும். பிறப்பைப் பதிவு செய்யும் பழக்கமே இல்லாத லயங்களில் அந்தக் காகிதத்துக்கு எங்கே போவது? 1949இல் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவென்று தனிச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வாக்கில்லை என்றாக்கினார்கள். அவர்களும் வாக்களித்து அமைந்த நாடாளுமன்றமே அவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஏறத்தாழ 8 லட்சம் பேர் விண்ணப்பித்தும், ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர் மட்டுமே. தாத்தாவின் விண்ணப்பம் தள்ளுபடியானதற்குக் காரணம், படுத்த படுக்கையாகிவிட்ட தம் தகப்பனாரைப் பார்த்துக்கொள்வதற்காகத் துறையூர்ப் பக்கத்து ஊருக்குப் போய் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டார் என்பதே. தொடர்ச்சியான வசிப்பு அறுந்துவிட்டதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

கட்சிகளின் வளர்ச்சி என்று நீங்கள் கேட்டதன் மையமே இங்கேதான் இருக்கிறது என்பேன். அன்றைய விதிப்படி 75,000 பேருக்கு ஒரு தொகுதி, ஆயிரம் சதுர மைலுக்குக் கூடுதலாக ஒன்று. தொகுதி பிரிக்கத் தலைகளை எண்ணியபோது தோட்ட மக்களும் எண்ணிக்கையில் சேர்ந்தார்கள். வாக்கு மட்டும் அவர்களுக்கு இல்லை. இதனால் மலைநாட்டில் குறைவான வாக்காளர்களுக்கு அதிகமான இடங்கள் அமைந்தன. 1952 தேர்தலில் அவற்றில் பெரும்பாலும் சிங்களக் கிராமத்து வாக்கு மட்டுமே பேசியது. 1951இல் பண்டாரநாயக்க தொடங்கிய சுதந்திரக் கட்சியும் ஐக்கிய தேசியக் கட்சியும் அதே வாக்குக்காகப் போட்டியிட்டதன் விளைவாகவே 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டம் வந்தது என்பது என் துணிபு. தமிழர் அரசியலும் இதில்தான் உடைந்தது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அமைச்சரவையில் சேர்ந்தார். அக்கட்சியிலிருந்து செல்வநாயகம் பிரிந்து சென்று 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

சிங்களவர் மீது வெறுப்பை வளர்க்க இதை எழுதுவதாகச் சிலர் நினைக்கக்கூடும். பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து நாடாளுமன்றத்தில் பேசிய இடதுசாரித் தலைவர்களில் பெரும்பாலோர் சிங்களவர்களே என்பதை அவர்கள் கருத வேண்டும். நீதிமன்றத்தை நாடியிருக்கலாமே என்பார்க்கும் பதில் உண்டு: இச்சட்டங்களை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கு, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1953இல் தள்ளுபடியானது.

1964 அக்டோபர் 30இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பதாக எழுதிக்கொண்டார்கள். எங்கள் குடும்பம் எழுபதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் கொழுந்து பறித்தது. 1947இல் வாக்களித்த தாத்தா அடுத்து வாக்களித்தது 1977இல்.

வாக்குக் கிடைத்தாலும் காகிதம் எங்களை விடவில்லை. என் தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, பாட்டனார் தமிழ்நாட்டில் வாழ்ந்ததற்கு 1950க்கு முந்தைய சான்று கொண்டுவரச் சொன்னார்கள். அங்கே நிராகரிக்க, இந்தியாவுக்குப் போய் வந்ததுதான் காரணம். இங்கே நிராகரிக்க, இலங்கையில் வாழ்ந்ததே காரணம். இரண்டு நாடுகளிலும் ஒரே மனிதரின் ஒரே பயணம் எங்களுக்கு எதிராகவே எழுதப்பட்டது என்ற ஆத்திரம் எனக்கு இன்றுவரை அடங்கவில்லை. அந்தச் சான்றிதழ் வந்து சேர்வதற்குள் அவள் சேரவிருந்த படிப்பில் இடம் போய்விட்டது.

இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்கு 1988லும் 2003லும் வந்த சட்டங்கள் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்தன. ஒப்பந்தப்படி இந்தியராகிக் கரையேறியவர்களுக்கு அச்சட்டங்களில் எதுவும் இல்லை. அதை நாங்கள் கேட்கவும் இல்லை. எங்கள் வாக்கு கூடலூர்த் தொகுதியில் இருக்கிறது.