குடும்பச் சண்டையை டிவியில் வைத்துத் தீர்க்கும் நிகழ்ச்சிகளால் நன்மையே இல்லையா?

உங்கள் கேள்வி இது: போலீஸும் கோர்ட்டும் கைவிட்ட ஏழைக்கு இந்த நிகழ்ச்சிகள்தானே நியாயம் வாங்கித் தருகின்றன, பிறகு ஏன் தடை கேட்கிறார்கள்?

சிலருக்கு நியாயம் கிடைத்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அந்த மனுஷியிடமிருந்து என்ன விலை வாங்கினார்கள், அவள் எந்த நிலையில் "சரி" என்று சொன்னாள் என்பதைப் பார்த்த பிறகு என்னால் இந்த நிகழ்ச்சிகளை ஆதரிக்க முடியவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி தென்னாப்பிரிக்கா வந்தவள். டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். 1860 முதல் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே அதிகம். வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இன்னும் பேசுகிற வயசான பெண்கள் சிலர் யூடியூபில் விரும்பிப் பார்ப்பது சீரியலும், நம்மூர்ப் பஞ்சாயத்து நிகழ்ச்சிகளும்தான். உள்ளூர்க்காரர்களுக்கு மோஜா லவ் சேனலில் 'உயஜோலா 9/9' இருக்கிறது. துணை ஏமாற்றுகிறாரா என்று சந்தேகப்படுபவரைக் கூட்டிக்கொண்டு கேமராவோடு போய்ப் பிடிக்கிற நிகழ்ச்சி அது. கைகலப்பு வரைக்கும் போகும்.

திருநெல்வேலிப் பக்கம் எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு அக்கா நம்மூர்ப் பஞ்சாயத்து நிகழ்ச்சி ஒன்றுக்குப் போனார். புருஷன் வேறொரு பெண்ணோடு போய்விட்டான், ஸ்டேஷனில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அலைய விட்டார்கள். அந்த நேரம் பார்த்து நிகழ்ச்சி ஆட்களிடமிருந்து ஒரு போன். "நாங்க தீர்த்து வைக்கிறோம்மா, வண்டிச் செலவு எங்களோடது." போனதும் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்று அக்காவுக்கு இன்றைக்கும் தெரியாது. மாமியார் வீட்டு ஆட்களை வேறு அறையில் உட்கார வைத்து, இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கமும் அந்தப் பக்கம் சொன்னதை இந்தப் பக்கமும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். செட்டில் விளக்கு எரிந்தபோது இரண்டு தரப்பும் கொதித்துப்போய் இருந்தது. ஜீவனாம்சம் கேட்கப் போனவரிடம் அவருடைய நடத்தையைப் பற்றித்தான் கேள்வி மேல் கேள்வி. மூன்றாம் வகுப்பு படித்த மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, "நீ யார்கூட இருக்கணும்?" என்று கேட்டார்கள். குழந்தை அழுதது. அந்த அழுகைதான் புரோமோவில் வந்தது.

புருஷன் திரும்பவில்லை, பணமும் வரவில்லை. அந்த வீடியோ மட்டும் போகவே இல்லை. மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். கூடப் படிக்கிற பையன்கள் அதைத் தேடி எடுத்து குரூப்பில் போட்டிருக்கிறார்கள். கடல் தாண்டி இங்கே எங்கள் கோயில் பெண்களின் வாட்ஸப் குரூப்புக்கும் ஒருநாள் அது வந்தது, சிரிக்கிற பொம்மைகளோடு. பக்கத்து வீட்டு ஆன்ட்டி போனை நீட்டி, "இதைப் பாரேம்மா" என்றார். எனக்குத் தெரிந்த குடும்பம் என்று சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "நான் நாடகம்னு நெனச்சேன்மா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சோக இசையும், ஒரே அழுகையை மூன்று கோணத்தில் திரும்பக் காட்டுவதும், சரியான இடத்தில் விளம்பர இடைவேளையும் வந்தால் யாருக்கும் நாடகமாகத்தான் தெரியும். நடிகருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டாம், கதை எழுத வேண்டாம், ஒரே செட் போதும். சேனல்களுக்கு இது பிடித்துப்போனதில் அதிசயம் ஒன்றுமில்லை.

தமிழில் இதற்கு அடையாளமாகிப்போனது ஜீ தமிழில் 2011-இல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை'. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. "என்னம்மா இப்படிப் பண்றீங்களேம்மா" என்று அங்கே கேட்ட கேள்வி காமெடி நிகழ்ச்சியிலும் சினிமாப் பாட்டிலும் ஏறி ஊரே சிரித்தது. அந்தக் கேள்விக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்களை யார் நினைத்துப் பார்த்தோம்?

வெளிநாடுகளில் இது உயிர்வரைக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவில் 1995-இல் ஜென்னி ஜோன்ஸ் நிகழ்ச்சிக்கு ஒருவரை, உங்களை ரகசியமாக விரும்பும் ஆளைக் காட்டுகிறோம் என்று அழைத்தார்கள். மேடையில் வந்தது அவருக்குத் தெரிந்த ஒரு ஆண். மூன்று நாள் கழித்து அந்த மனிதரை இவர் சுட்டுக் கொன்றார். பிரிட்டனில் ஐடிவி சேனலின் ஜெரமி கைல் நிகழ்ச்சியில், பொய் கண்டறியும் சோதனையில் தோற்றதாகச் சொல்லப்பட்ட ஒருவர், பதிவு முடிந்த சில நாட்களில் இறந்து கிடந்தார். 2019 மே மாதம் ஐடிவி அந்த நிகழ்ச்சியையே மூடியது. 2021 ஏப்ரலில் அங்குள்ள கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம், நிகழ்ச்சியில் கலந்துகொள்பவர்களின் நலனைச் சேனல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று புதிய விதிகளைக் கொண்டுவந்தது.

அப்படியானால் வலியைப் பொதுவில் பேசவே கூடாதா? பேசலாம். எப்படிப் பேச வைப்பது என்பதை நான் இருக்கும் தென்னாப்பிரிக்கா ஒருமுறை செய்தே காட்டியது. 1996 ஏப்ரலில் இங்குள்ள ஈஸ்ட் லண்டன் நகரத்தில், நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் முதல் விசாரணை தொடங்கியது. அதுவும் டிவியில் வந்ததுதான். ஆனால் சாட்சி சொல்ல வருபவரின் பக்கத்திலேயே அவருக்கென்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். அங்கே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எடுத்துச் சொல்வதும், உடைந்து அழும்போது தாங்கிக்கொள்வதும், முடிந்த பின் கூட இருந்து பேசுவதும் அவர் வேலை. 1985-இல் நிறவெறி அரசின் போலீஸ் கொன்ற, 'கிராடொக் நால்வர்' என்று சொல்லப்படும் போராட்டக்காரர்களில் ஒருவரின் மனைவி நொமோண்டே கலாட்டா, பேச முடியாமல் பின்னால் சாய்ந்து வாய்விட்டு அலறினார். தலைமை வகித்த பேராயர் டெஸ்மண்ட் டுட்டு விசாரணையைச் சிறிது நேரம் நிறுத்திவைத்தார். நம் நிகழ்ச்சிகளில் கேமரா கிட்டே போவது சரியாக அந்த நொடியில்தான். என் மனசில் இரண்டுக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

ஆணையத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு 2003-இல் ஒரே தடவையாக 30,000 ராண்ட் என்று முடித்துவிட்டார்கள், அது பலருக்கு ஆறாத கோபம். ஆனாலும் பேச வந்தவரை மனுஷராக நடத்தினார்கள்.

அதனால் ஒட்டுமொத்தத் தடை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குழந்தையின் முகமோ குரலோ பெயரோ வரவே கூடாது. கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்து "வேண்டாம்" என்றால் ஒளிபரப்பக் கூடாது. பின்னால் எப்போது கேட்டாலும் வீடியோவை எடுத்துவிட வேண்டும். இந்த மூன்றும் சட்டமாக வர வேண்டும். இப்படிச் செய்தால் நிகழ்ச்சி நடத்தவே முடியாது என்று ஒரு சேனல் சொன்னால், அது எதை நம்பி நடக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இப்படிப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், தமிழ்நாட்டில் பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். தென்னாப்பிரிக்காவில் பெண்கள் மீதான வன்முறைக்கான உதவி எண் 0800 428 428-க்கு எந்த நேரமும் அழைக்கலாம். இங்கே ஜீவனாம்சத்துக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனுக் கொடுக்கலாம், வக்கீல் வேண்டியதில்லை. வரிசை நீளமாகத்தான் இருக்கும். இங்குள்ள டிவியில் குழந்தையை இப்படிக் காட்டினால், 30 நாளுக்குள் பிசிசிஎஸ்ஏ என்ற ஒளிபரப்புப் புகார் ஆணையத்துக்கு எழுதலாம். காசு கிடையாது.